ஒரு முழம் காற்று

எங்கள் தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இறுக்கி" என்பார்கள். கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள் நான். ரெக்ஸினை இழுத்து, முழங்காலால் அழுத்தி, அதற்கு மேலும் ஒரு இழுப்பு இழுத்துத் தைத்தால்தான் எனக்கு மனசு ஆறும். ஒரு சுருக்கம் தெரிந்தாலும் அந்த வண்டியை என் கடை வாசலைத் தாண்ட விடமாட்டேன். "பரவாயில்லம்மா, உக்காந்தா சரியாப் போயிரும்" என்று வண்டிக்காரர் கெஞ்சுவார். உட்கார்ந்தால் சரியாகப் போகிற சுருக்கத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. பிரித்து மறுபடி தைப்பேன்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்க் கூடாரத்தில் குடிவைத்தார் எங்கள் கொத்தனார்.

வீட்டு மேல்தளத்தில் விரிசல். மழைக்கு முன்னால் உடைத்துப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று சிரித்த முகத்தோடு சொன்னார். உடைக்கிற வேலை மட்டும் சொன்னபடி முடிந்தது. அதற்குப் பிறகு சிமெண்ட் வந்தால் ஆள் வரவில்லை, ஆள் வந்தால் கம்பி வரவில்லை, இரண்டும் வந்த அன்று கொத்தனார் வரவில்லை. கொஞ்ச நாளைக்கு என்று எங்கேயும் வாடகைக்கு வீடு கிடைக்காமல், பக்கத்து வெற்று மனையில் ஒரு பெரிய துணிக் கூடாரம் போட்டோம். அந்த மனையில் பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. கோடை வேறு தொடங்கிவிட்டது.

எனக்கு அதில் பெரிய கஷ்டம் இல்லை. பகலெல்லாம் கடை, ராத்திரி கூடாரத்தில் நல்ல காற்று. கஷ்டம் முழுக்க என் வீட்டுக்காரருக்குத்தான். அவர் ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். பொழுது சாயக் கிளம்பினால் மறுநாள் விடிந்துதான் வருவார். ஊரே விழித்திருக்கும்போது அவர் தூங்கியாக வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனங்கள் அவரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வருகிறார்களே! அவர்களுக்காகவாவது இவர் பகலில் கண்ணை மூட வேண்டாமா?

அவருடைய தூக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அசந்து தூங்கும்போது அவருடைய வலது கால் தானாக நீளும், பாதம் முன்னால் அழுந்தும், பிறகு மெல்ல விடும். பிரேக் போடுகிறார். கல்யாணமான புதிதில் என்னைத்தான் உதைக்கிறார் என்று நினைத்து, ஒரு லீவு நாளில் காலங்காத்தாலே எழுப்பி உட்கார வைத்துச் சண்டை போட்டேன். "குறுக்க யாரோ வந்தாங்க, நான் என்ன பண்ண?" என்றார் தூக்கக் கலக்கத்தில். அன்றிலிருந்து அந்தக் கால் ஆடினால் எனக்கு நிம்மதி. ஆள் உண்மையாகவே தூங்குகிறார் என்று அர்த்தம்.

கூடாரத்தில் முதல் வாரம் அந்தக் கால் ஆடவே இல்லை. காலையில் வந்து படுப்பார், வெயில் ஏறியதும் சட்டையெல்லாம் நனைய எழுந்து வெளியே வந்துவிடுவார். கடையில் வந்து படுங்கள் என்றேன். என் தையல் மிஷின் சத்தத்திலும் வாசலில் அலறுகிற ஹாரனிலும் பிணம்கூட எழுந்து உட்கார்ந்துவிடும் என்றார். டிப்போவின் ஓய்வறையோ தகரக் கூரை, அதில் நாள் முழுக்கச் சீட்டாட்டம்.

சரி, இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன். உறை தைக்கிறவளுக்கு ஒரு கூடாரம் எம்மாத்திரம்? பெரிய சீட் என்று நினைத்துக்கொண்டால் போச்சு.

கூடாரத்தை முன்னால், பின்னால், கூரைச் சரிவு, மூலை என்று விரல் விரலாக அளந்தேன். வெயிலில் நிற்கிற காரின் முன்கண்ணாடிக்கு வைப்பார்களே, வெள்ளி நிறத் தடுப்பு, அது கடையில் விற்காமல் ஒரு கட்டு கிடந்தது. அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து மேல்பக்கம் வைத்தேன். நடுவில் மெல்லிய ஃபோம். அடியில் லைனிங் துணி. ஓரம் முழுக்க உருண்டைக் கரையாகப் பைப்பிங். ஆமாம், கூடாரத்துக்குப் பைப்பிங் வைத்தேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கடை வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து உட்கார்ந்து தைத்தது. மாட்டும்போது முழங்காலை வைத்து இழுத்தேன். கூடாரத்தின் இரண்டு பக்கத்து ஜன்னல் மடிப்புகள் மட்டும் உறைக்கடியில் புடைத்துக்கொண்டு அசிங்கமாகத் தெரிந்தன. அவற்றை அமுக்கி, மேலேயே இழுத்துத் தைத்துவிட்டேன்.

தெருவே வந்து பார்த்தது. கூடாரம் ஷோரூமிலிருந்து இறக்கிய புதுக் கார் சீட் போலப் பளபளவென்று நின்றது. ஒரு சுருக்கம் கிடையாது. கொத்தனார்கூட வாயைப் பிளந்தார். என் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், தையலைத் தடவிப் பார்த்தார்.

"உள்ள எப்படி இருக்கு?" என்று மறுநாள் சாயங்காலம் கேட்டேன்.

"ஐயோ, அத ஏன் கேக்குற! படுத்ததுதான் தெரியும். கட்ட மாதிரி தூங்கிட்டேன்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் கேட்பேன், தினமும் கட்டை மாதிரிதான் தூங்கினார். டிப்போவில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டதாக வேறு சொன்னார். கடைக்கு வருகிறவர்களிடம் என் கூடாரக் கதையைச் சொல்லாமல் நான் ஒரு சீட்டைக்கூடக் கொடுக்கவில்லை.

ஒருநாள் வெயில் ஏறும் நேரத்தில் அவருடைய கண்டக்டர் கடைக்கு வந்தான். சின்ன வயசு, என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன், வந்தால் வாய் ஓயாமல் பேசுவான். அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்து டிக்கெட் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"என்னடா, வாய்க்குப் பூட்டு போட்டுட்டாங்களா?"

"அக்கா, கோபப்படக் கூடாது."

அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் முதலில் வந்துவிடும். மிஷினை நிறுத்தினேன்.

"அண்ணனுக்கு முந்தாநாள் ஓட்டும்போது கண்ணு சொக்கிருச்சுக்கா. பாலத்துக்கு முன்னாடி. வண்டி அப்படியே ஓரமாப் போகுது. முன் சீட்டுல கைக்குழந்தையோட ஒரு அம்மா. அவங்கதான் கத்துனாங்க. நான் பாஞ்சு போய் அண்ணன் தோளப் புடிச்சு உலுக்குனேன். சக்கரம் மண்ணுல இறங்கி நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்கத் தெரியவில்லை.

"டிப்போல சொல்லாதடான்னு சத்தியம் வாங்கிட்டாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லல. அதான் வந்தேன்." அவன் தரையைப் பார்த்தான். "அன்னையிலிருந்து கடைசி ஸ்டாப்புல வண்டிய நிறுத்திட்டு எந்திரிச்சுப் பின்னால வரைக்கும் நடக்குறாருக்கா. ஒரு சீட் விடாம குனிஞ்சு பாக்குறாரு. வண்டி காலியா இருக்கும். ஆனா என்னைப் பாத்து, 'எல்லாரும் எறங்கியாச்சா, எல்லாரும் எறங்கியாச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஆமாண்ணேன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாரு."

"பகல்ல நல்லாத்தானடா தூங்குறாரு!"

"உங்களுக்குத் தெரியும்கா. நான் என்னத்தச் சொல்ல?"

கடையைப் பாதியில் சாத்தினேன். அவன் பின்னாலேயே ஓடிவந்தான். அந்தக் கொளுத்தும் வெயிலில் செருப்பு எந்தக் காலில் எது என்றுகூடப் பார்க்காமல் நடந்தேன்.

மனைக்குள் திரும்பியதும் கண்ணில் பட்டவர் அவர்தான். கூடாரத்துக்குள் இல்லை. எங்கள் பாதி வீட்டின் சுவர் ஓரத்தில், ஒரு ஆள் குந்துகிற அளவு நிழலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரத்துண்டு. கண் சிவந்து, மணல் மேட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாரோ இல்லையோ, துள்ளி எழுந்தார். அந்த வயசில், அந்த உடம்பை வைத்துக்கொண்டு, கூடாரத்தின் பின்பக்கம் குனிந்து ஓடி, அடித்துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே புகுந்தார்!

நான் முன்பக்கமாக உள்ளே நுழைந்தபோது ஐயா பாயில் மல்லாந்து படுத்திருந்தார். கழுத்திலிருந்து கால் வரை போர்வை. குறட்டை வேறு.

நின்று பார்த்தேன். குறட்டை மிஷின் தையல் மாதிரி ஒரே அளவில் வந்தது. வேகும் வெயிலில் போர்வை எதற்கு என்று ஒரு நொடி புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. கால் ஆடுகிறதா என்று நான் பார்ப்பேன், அவருக்குத் தெரியும். காலை மறைக்கத்தான் இந்த வெக்கையில் போர்த்திக்கொண்டு கிடக்கிறார்.

போர்வையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன்.

எனக்குச் சாதாரணமாக அவரிடம் 'ங்க' போட்டுத்தான் பேச்சு. கோபம் வந்தால் 'ங்க' போய் 'யா' வந்துவிடும். "என்னய்யா நடிப்பு இது? யாரு கண்ணக் கட்டுற? இத்தனை நாளா கட்ட மாதிரி தூங்குனேன்னியே, எங்க தூங்குன, அந்தச் செவுத்தோரத்துலயா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். எனக்குப் பின்னால் வாசலில் நின்ற கண்டக்டரைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகம் தொங்கிப்போயிற்று.

"சொல்லிட்டானா?"

"அவன் சொல்லலைன்னா பாலத்துக்கு அடியில போய் உன்னைத் தேடச் சொல்றியா? ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "கடையிலயும் தைச்சுட்டு வந்து இங்கயும் உக்காந்து தைச்ச. விரலெல்லாம் ஊசி குத்தி வீங்கியிருந்துச்சு. தெருவே பாத்து மெச்சுது. உன் மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம். இதுக்குள்ள படுக்க முடியலடின்னு அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? ரெண்டு நாள் போகட்டும், பழகிரும்னு நெனச்சேன்."

அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அப்போதுதான் எனக்கு முதுகில் வேர்வை ஆறாக ஓடுவது தெரிந்தது. உள்ளே வந்து எத்தனை நேரம் ஆகியிருக்கும்? மூச்சு திணறியது. கையைத் தூக்கி உச்சித் துணியைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியைத் தொட்ட மாதிரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். இந்த உறையை மாட்டிய பிறகு பகலில் ஒரு தடவைகூட நான் உள்ளே வந்து பார்க்கவில்லை. வெயிலில் நின்ற காருக்குள் ஏறுகிறவர்கள் ஐயோ அம்மா என்று அலறி இறங்குவதைத் தினமும் வாசலில் பார்க்கிறவள் நான். அந்தக் காரைத்தான் தைத்து இவருக்குப் படுக்கையாகக் கொடுத்திருக்கிறேன்!

"அக்கா, பொழுது சாய வண்டி எடுக்கணும்" என்றான் கண்டக்டர் மெல்ல. "லீவ் சொல்லிரவா?"

"லீவெல்லாம் வேணாம்" என்றார் இவர். "ஆள் இல்லடா. நான் வரலைன்னா டிரிப்பே நின்னுரும்."

"தூங்காம நீ ஸ்டியரிங்கத் தொட்டா பஸ் முன்னாடி நான் வந்து படுத்துக்குவேன்" என்றேன். "பிரேக் போடுறியா இல்லையான்னு பாப்போம்."

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை. கூடாரத்தின் பின்பக்கம் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றபோதுதான் பூனையைப் பார்த்தேன்.

கட்டட வேலை தொடங்கியதிலிருந்து மனையில் சுற்றுகிற பூனை அது. எங்கே குளிர்ச்சியோ அங்கே கிடக்கும். கூடாரத்துக்குள் மட்டும் காலை வைத்ததில்லை. இப்போது பின்மூலையில் நாலு காலையும் நீட்டிச் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் கொத்தனாரின் ஆட்கள் கம்பியை இழுத்துப் போகும்போது என் தையலைக் கிழித்திருந்தார்கள். கிழிந்த உறை கூடாரத்தை விட்டு விலகி, பக்கத்துச் செங்கல் அடுக்கின்மேல் கூரை போல விழுந்து கிடந்தது, அதன் அடியில்தான் பூனை. பார்த்தவுடனே கொத்தனாரை ஒரு வழி பண்ணியிருக்க வேண்டியவள், பூனையைப் பார்த்ததால் நின்றேன்.

உறைக்கும் கூடாரத்துக்கும் நடுவில் கையை விட்டேன். முழங்கை வரை போயிற்று. காற்று என் விரலிடுக்கில் சிலுசிலுவென்று ஓடியது. அங்கே இருந்த கூடாரத் துணியைத் தொட்டேன். வீட்டுக்குள் கொடியில் கிடக்கிற வேட்டியைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஒரு கை தள்ளி, உறை ஒட்டியிருக்கிற இடத்தில் தொட்டேன். சுட்டது.

அதே வெயில், அதே உறை. நான் இழுத்துப் பிடித்த இடமெல்லாம் கொதிக்கிறது, கிழிந்து தொங்குகிற இடத்தில் பூனை தூங்குகிறது!

"டேய் தம்பி, கத்திரிய எடு!" என்று கத்தினேன்.

பிரிக்க ஆரம்பித்தேன். நான் தைத்ததைப் பிரிப்பது லேசான வேலை இல்லை. ஒவ்வொரு தையலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. அவர் ஓடிவந்து, "ஏய், என்ன பண்ற? இவ்ளோ அழகான தையல!" என்று என் கையைப் பிடித்தார்.

"போய் செவுத்தோரமா உக்காருங்க. தலைய நனைச்சுக்கோங்க. கண்ண மூடுங்க." 'ங்க' திரும்பி வந்துவிட்டதைக் கேட்டதும் அவர் என் கையை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

கொத்தனாரின் சாரக் கம்புகளைக் கேட்காமலே எடுத்தோம். "அம்மா, நாளைக்கு வேலைக்கு வேணும்மா" என்று அவர் வந்தார். "நாளைக்கு நீங்க வந்துட்டீங்கன்னா உங்க கம்ப நானே கழுவிக் குடுக்குறேன்" என்றேன். கண்டக்டர் சிரித்துவிட்டான். கொத்தனார் அவரே குழி தோண்டிக் கம்பை நட்டுக்கொடுத்தார். மனுஷர் அதில் கெட்டிக்காரர்தான், என்றைக்காவது வந்தால்.

கூடாரத்தைச் சுற்றி நட்ட கம்புகளின் தலையில் உறையைத் தூக்கிக் கட்டினோம். கூடாரத்து உச்சிக்கும் உறைக்கும் நடுவில் ஒரு முழம் வெறும் காற்று. ஜன்னல்கள் மேலிருந்த தையலை வெட்டி மடிப்புகளைச் சுருட்டி விட்டேன். மேற்கு வெயில் சாய்ந்து அடிக்கும் பக்கம் பச்சை நிழல்வலையைத் தொங்கவிட்டேன், அதையும் கூடாரத்தைத் தொடாமல்.

முக்காலி மேல் நின்று பார்த்தேன். கூடாரத்தின் உடம்புக்கு அளவெடுத்து வெட்டிய உறை, விரித்துக் கட்டியதும் அங்கங்கே தொய்ந்து, அங்கங்கே உப்பி, சுருக்கம் சுருக்கமாகத் தொங்கியது. பைப்பிங் கோணல்மாணலாக ஓடியது. காற்றடித்தால் படபடத்தது. கை தானாகக் கயிற்றைப் பிடித்து இழுத்தது. நடுப்பகுதி இறங்கிக் கூடாரத்தைத் தொட்டது.

"விடு" என்றார் அவர், சுவர் ஓரத்திலிருந்து, கண்ணைத் திறக்காமலே.

"கண்ண மூடிக்கிட்டு எப்படித் தெரியுது?"

"உன்னை எனக்குத் தெரியாதா? விடு."

கயிற்றை விட்டேன். உறை எழும்பியது. மறுபடி சுருக்கம் விழுந்தது. கண்ணைத் திருப்பிக்கொண்டு இறங்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்து நானே முதலில் உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். வெளியே கோடை கோடைதான். ஆனால் மூச்சு விட முடிந்தது. ஒரு ஜன்னலில் நுழைந்த காற்று என் காதோரம் போய் மறு ஜன்னலில் வெளியேறியது. உச்சித் துணியைத் தொட்டேன். வெறும் துணி, அவ்வளவுதான். எழுந்து போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து படுக்க வைத்தேன். பூனையும் கூடவே வந்து பாய் ஓரத்தில் படுத்துக்கொண்டது.

"தூக்கம் வரலைன்னா வரலைன்னு சொல்லணும்" என்றேன். "சும்மா குறட்டை விட்டீங்க, தொலைச்சுருவேன்."

"சொன்னா கத்துவியே."

"கத்துவேன். கத்திட்டுப் பிரிச்சுத் தைப்பேன். உங்களைப் பிரிச்சுத் தைக்க முடியுமா?"

அவர் என் வீங்கிய விரல்களைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

காலடியில் உட்கார்ந்து அந்த வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வை இல்லை. வெளியே கண்டக்டர் செங்கல் மேல் உட்கார்ந்து, லீவ் சொல்வதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தான். தலைக்கு மேலே என் உறை படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் போனால் நல்லது, ஒரு சின்ன முடிச்சு போட்டால் போதும் என்று தோன்றியது. நான் எழுந்திருக்கவில்லை. குறட்டை வந்தது. ஒழுங்கில்லாத, நடுவில் இடறுகிற, அசல் குறட்டை.

பாதம் மெல்ல முன்னால் அழுந்தியது. பிரேக்.

என் உள்ளங்கையை அந்தப் பாதத்தில் கொடுத்தேன். நன்றாக அழுத்தினார். புருவம் சுருங்கியது, உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"எல்லாரும் எறங்கியாச்சா?"

வெளியே பார்த்து, லீவ் சொல்லிவிடு என்று கண்டக்டருக்குக் கையைக் காட்டினேன். தானாக விழிக்கும்வரை இவரை நான் எழுப்பப் போவதில்லை. அவன் தலையாட்டிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பினான்.

"எறங்கியாச்சுங்க" என்றேன் அவர் காதோரம். "எல்லாரும் பத்திரமா எறங்கிட்டாங்க. நீங்க தூங்குங்க."

பாதம் என் கையை விட்டது.